நாலு மாதமாக விற்காத வீடு, திடீரென்று "புதிது, 4 நாள்" என்று வந்திருக்கிறது. இது சரியா?

நோட்டுப்புத்தகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முதல் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம், நானும் என் கணவரும். ஏழு மாதம் ஆகிவிட்டது. பார்க்கிற ஒவ்வொரு வீட்டையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். தேதி, கேட்ட விலை, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பேஸ்மென்டில் வாடை உண்டா, மேல்தளத்துக் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது, எல்லாம் இருக்கும்.

பிப்ரவரி 8, சனிக்கிழமை. ஒரு வீட்டின் ஓப்பன் ஹவுஸுக்குப் போனோம். கூரையில் பனி, வாசற்படியில் உப்பு தூவியிருந்தார்கள். வீடு எனக்குப் பிடித்தது. பேஸ்மென்டில் மட்டும் தெற்குச் சுவரோரம் ஒரு டீஹியூமிடிஃபையர், காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கிற கருவி, ஓடிக்கொண்டிருந்தது. அதன் தண்ணீர்த் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிற மாதத்தில் உள்ளே இவ்வளவு ஈரமா என்று யோசித்து நோட்டில் "தொட்டி, முக்கால்" என்று எழுதினேன். விலையும் எங்கள் கணக்குக்கு மேலே இருந்தது. விட்டுவிட்டோம். ஏப்ரல் நடுவில் அந்த வீடு, நாங்கள் வீடு தேடுகிற இணையதளத்திலிருந்தே காணாமல் போனது. யாரோ வாங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் முதல் வாரம் அதே வீடு மறுபடி வந்தது. பச்சைப் புல்வெளி, பூத்த செடிகள், புதுப் புகைப்படங்கள், புது லிஸ்டிங் (விற்பனைப் பதிவு) எண். விலை முன்பு கடைசியாகக் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மேலே ஒரு பட்டை: "புதிது". சந்தையில் இருந்த நாட்கள்: 4. விளம்பரத்தின் முதல் வரியே "இப்போதுதான் விற்பனைக்கு வந்திருக்கிறது".

ஜூன் 8, ஞாயிறு. மறுபடி போனோம். வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தார்கள். அதற்கு ஒரு சாண் தள்ளி, புல்லுக்குள் இன்னொரு குழி. மண் உள்வாங்கி, ஓரமெல்லாம் புல் வளராமல் வட்டமாகத் தெரிந்தது. குளிர்காலத்தில் பலகை நின்ற இடம் அதுதான். அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனால், விற்பவருடைய ஏஜெண்ட் சிரித்த முகமாக "வந்து நாலு நாள்தான் ஆகிறது, நிறையப் பேர் கேட்கிறார்கள், செவ்வாய் மாலைக்குள் ஆஃபர் கொடுத்துவிடுங்கள்" என்றார். பேஸ்மென்டில் டீஹியூமிடிஃபையர் இல்லை. தெற்குச் சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள்.

எங்கள் ஏஜெண்டிடம் சொன்னேன். "எல்லோரும் செய்கிறதுதான், இதைக் கிளறினால் ஆஃபர் எடுபடாது" என்றார்.

நான் கேட்க நினைப்பது இதுதான். இப்படி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக விதி இடம் தருகிறதா? உண்மையில் எத்தனை நாள் விற்பனையில் இருந்தது என்று நான் எங்கே பார்ப்பது? நான் இதைக் கேட்பது தப்பா? பேரம் பேசி விலையைக் குறைப்பதற்காக மட்டும் கேட்கவில்லை. அந்த 4 என்பது என்னிடம் ஒருவர் சொன்ன செய்தி. அதையே நம்ப முடியாது என்றால், வெள்ளையடித்த சுவரைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் நான் எப்படி நம்புவது?

---

சாவிக்கொத்து எழுதியது:

தங்கச்சி, நான் பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், வேறு மாநிலத்தில். நீங்கள் கேட்டது தப்பே இல்லை. உங்கள் ஏஜெண்ட் உங்களுக்காகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

முதலில் அந்த 4 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஏஜெண்டுகள் வீட்டைப் பதிவுசெய்கிற இடம் எம்எல்எஸ். அதில் சாதாரணமாக இரண்டு எண்ணிக்கை ஓடும். ஒன்று டிஓஎம். இந்த லிஸ்டிங் போட்ட நாளிலிருந்து எண்ணுவது. லிஸ்டிங்கை ரத்து செய்து புது எண்ணில் போட்டால் இதுவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இன்னொன்று சிடிஓஎம். பழைய லிஸ்டிங்குகளையும் சேர்த்துக்கொண்டு, வீட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது. வீட்டைத் தேடுகிற பொதுமக்கள் பல தளங்களில் பார்ப்பது முதல் எண்ணை, அல்லது அந்தத் தளமே தன் பக்கத்தில் ஏறிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வதை. இரண்டாவது எண் பல இடங்களில் ஏஜெண்டுகள் பார்க்கிற பக்கத்தோடு நின்றுவிடும்.

அந்த இரண்டாவது எண்ணையும் பூஜ்யமாக்க வழி உண்டு. வீட்டைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டுக் குறிப்பிட்ட நாட்கள் காத்திருக்க வேண்டும். அது எத்தனை நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஏனென்றால் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான எம்எல்எஸ்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விதிப்புத்தகம். ஓரிடத்தில் 30 நாள், இன்னோரிடத்தில் 60, வேறோரிடத்தில் 90. ஆகவே ஏப்ரல் நடுவில் எடுத்து ஜூனில் போட்டார்கள் என்றால், உங்கள் பகுதி விதி 30 நாளா 60 நாளா என்பதைப் பொறுத்து அது விதிக்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதை உங்கள் ஏஜெண்ட் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஒரு வீடு சந்தையிலிருந்து போனால் எப்படிப் போனது என்பதும் முக்கியம். எக்ஸ்பையர்ட் என்றால் ஒப்பந்தக் காலம் முடிந்தது. கேன்சல்ட் என்றால் விற்பவரும் ஏஜெண்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். வித்ட்ரான் என்றால் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது, வீட்டைக் காட்டுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். யாருக்கோ உடம்பு சரியில்லை, வீட்டில் வேலை நடக்கிறது என்றால் வித்ட்ரான் நியாயமானது. அதே ஏஜெண்ட், அதே விற்பவர், கேன்சல் செய்து மறுநாளே புது எண்ணில் போடுவதற்கு நாட்களை அழிப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து குறைவு.

நாட்களே எண்ணப்படாத இடங்களும் உண்டு. "கமிங் சூன்" (விரைவில் வருகிறது) என்று போட்டிருக்கும்போது பெரும்பாலும் கணக்கு ஓடாது, அதற்குப் பதிலாக வீட்டை யாருக்கும் காட்டவும் கூடாது என்பது வழக்கமான விதி. அப்புறம் ஒரு நிறுவனத்தின் உள்வட்டத்தில் மட்டும் சுற்றும் தனி லிஸ்டிங்குகள். அங்கே இரண்டு மாதம் யாரும் சீண்டாத வீடு, பொதுச் சந்தைக்கு வருகிற அன்று நாள் 1 என்றுதான் காட்டும். பொதுவில் விளம்பரம் செய்த வீட்டை ஒரு வேலை நாளுக்குள் எம்எல்எஸ்ஸில் பதிய வேண்டும் என்று ஏஜெண்டுகளின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 2019 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது, 2020-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் அதே சங்கம், விற்பவர் எழுதிச் சம்மதித்தால் எம்எல்எஸ்ஸில் பதிந்துவிட்டுப் பொதுத் தளங்களில் வருவதைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்கலாம் என்றும் ஒரு வழி திறந்தது. இதில் என் கருத்து தெளிவானது: ஒளித்துவைத்த நாளும் நாள்தான்.

சரி, விதி ஒரு பக்கம். அந்த ஏஜெண்ட் வாயால் சொன்னது இன்னொரு பக்கம். எண்ணைக் கணினி பூஜ்யமாக்கியிருக்கலாம். "இப்போதுதான் வந்தது" என்று எழுதியது மனிதர். ரியல்டர் சங்கத்தின் நெறிமுறைகள் 1913-இலிருந்து இருக்கின்றன. அதன் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் உண்மையான சித்திரத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. 1-ஆம் பிரிவு, தன் கட்சிக்காரரின் நலனைக் காப்பதோடு எதிர்த்தரப்பையும் நேர்மையாக நடத்த வேண்டும் என்கிறது. குளிர்காலத்தில் பலகை நட்ட வீட்டை ஜூனில் "இப்போதுதான்" என்று எழுதுவது எந்தச் சித்திரம்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த முதல் இரண்டு வருடம் நானும் இதைச் செய்திருக்கிறேன். மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், செய்தேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு இளம் தம்பதியிடம் "ஒன்பது நாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்று, "போன இலையுதிர் காலத்திலிருந்து பலகை நிற்கிறதே, இன்னுமா போகவில்லை?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டை வாங்கவில்லை, என்னிடம் திரும்ப வரவும் இல்லை. அன்றிலிருந்து என்னிடம் விற்க வருகிறவர்களிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன், நாட்களை அழிக்க மாட்டேன், வேண்டுமானால் காரணத்தை எழுதுகிறேன் என்று. ஒப்புக்கொள்ளாதவர்கள் வேறு ஏஜெண்டிடம் போயிருக்கிறார்கள். போகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் ஏஜெண்டிடம் அந்த முகவரியின் முழு லிஸ்டிங் வரலாற்றை, சிடிஓஎம் எண்ணோடு, எழுத்தில் கேளுங்கள். அதில் நடுவில் எங்காவது பெண்டிங் ஆகி, அதாவது ஒருவரோடு ஒப்பந்தமாகி, விற்பனை முடியாமல் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். நாட்களைவிட அது முக்கியமாக இருக்கலாம்.

---

மேல்மாடிக்காரன் எழுதியது:

ஏன் இவ்வளவு பெரிது படுத்துகிறீர்கள் என்று புரியவில்லை. வீடு முன்னால் நிற்கிறது. வீட்டைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரை வைத்துப் பாருங்கள், விலை ஒத்துவந்தால் வாங்குங்கள், இல்லை என்றால் விடுங்கள். எத்தனை நாள் கிடந்தது என்று தெரிந்தால் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். விற்கிறவரும் கடன் கட்டுகிற குடும்பம்தானே? அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாதா?

---

கொல்லைப்புறம் எழுதியது:

மேல்மாடிக்காரன் தம்பி, நான் விற்ற பக்கத்திலிருந்து பேசுகிறேன். நீங்கள் சொல்கிற அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு முதல் மாதத்திலேயே ஒரு குடும்பம் ஆஃபர் கொடுத்தது. சம்மதித்தோம். ஐந்தாவது வாரம் அவர்களுக்குக் கடன் கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தது. பாவம், அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது. வீடு மறுபடி சந்தைக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் முகத்திலேயே ஒரு சந்தேகம். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், "ஏன் இவ்வளவு நாள்?" என்று என்னிடம் கேட்காமல் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு போவார்கள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி தூக்கம் வராது.

எங்கள் ஏஜெண்ட் சொன்னார்: "ஒரு மாதம் எடுத்துவிடுவோம், புதுப் படம் எடுப்போம், புதிதாக வருவோம்." எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாங்குகிறவர் பக்கத்து வீட்டில் விசாரித்தால் அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நாம் போய்ச் சொல்லிக்கொடுக்கப் போகிறோமா?"

எடுக்கவில்லை. அதற்குப் பதில் விளம்பரத்தில் இரண்டு வரி சேர்த்தோம். "முதலில் ஒப்புக்கொண்டவருக்குக் கடன் கிடைக்காததால் வீடு திரும்ப வந்துள்ளது. இன்ஸ்பெக்ஷனில் எழுந்த கேள்விகள் ஏதும் இல்லை." இதை எழுதுவதற்கு அந்தக் குடும்பத்தின் பெயரோ விவரமோ தேவைப்படவில்லை. அடுத்த வாரமே வந்தவர்களின் பேச்சு மாறிவிட்டது. காரணம் கண்முன் இருந்தால் ஆட்கள் கற்பனை செய்வதை நிறுத்துகிறார்கள். 131-ஆம் நாள் விற்றது. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான். நாட்களால் வந்த குறைவா அது என்றால், இல்லை, ஆரம்பத்தில் நாங்கள் விலையை அதிகமாக வைத்ததுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அதனால் நோட்டுப்புத்தகம் அம்மா, கேளுங்கள். ஒருவேளை அந்த வீட்டிலும் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்கலாம்.

---

இடைநிலை எழுதியது:

நான் எண்களோடு வேலை செய்கிறவன், வீடு விற்கிற ஆள் இல்லை. இந்த விஷயத்தில் ஒரு தனி வீட்டைத் தாண்டிய தீங்கு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு ஆதங்கம்.

மாதாமாதம் "இந்தப் பகுதியில் வீடுகள் இத்தனை நாளில் விற்கின்றன" என்று ஒரு எண் வருகிறதே, அதைப் பார்த்துத்தான் வாங்குபவர்கள் அவசரப்படுகிறார்கள், இன்ஸ்பெக்ஷனைக்கூட வேண்டாம் என்கிறார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது? ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன், என் கற்பனைக் கணக்குதான். ஒரு தெருவில் பத்து வீடு விற்பனைக்கு வருகிறது. மூன்று வீடு 10 நாளில் போகிறது. நான்கு வீடு 120 நாள் ஆகிறது, ஆனால் நடுவில் எடுத்துப் போட்டதால் கணக்கில் 15 நாள் என்று ஏறுகிறது. மீதி மூன்று வீடு 200 நாளாகியும் விற்கவில்லை. அறிக்கையில் வருவது விற்ற ஏழு வீடுகளின் நடு எண் மட்டும்: 15 நாள். உண்மையான நாட்களைப் போட்டால் அதே ஏழு வீட்டின் நடு எண் 120. விற்காத மூன்று வீடுகள் இரண்டு கணக்கிலுமே இல்லை, அவை விற்றால்தான் கணக்குக்குள் வரும். ஆகவே எந்த ஏமாற்றும் இல்லாத ஊரிலேயே இந்த எண் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும். அதன்மேல் பூஜ்யமாக்குகிற வேலையும் சேர்ந்தால், மந்தமான சந்தை சூடான சந்தை மாதிரித் தெரியும். ஒரு ஏஜெண்ட் தன் ஒரு வீட்டுக்குச் செய்கிற சின்னக் காரியம், அந்த வீட்டைப் பார்க்கவே பார்க்காத ஒரு குடும்பத்தை அவசரப்படுத்துகிறது.

நாட்கள் தெரிந்தால் விலை குறையும் என்று மேல்மாடிக்காரன் சொன்னது ஆதாரமில்லாதது அல்ல. மாசசூசெட்ஸில் 2006 ஏப்ரலில், திரும்பப் பதிவுசெய்து நாட்களைப் பூஜ்யமாக்குவதை அங்குள்ள லிஸ்டிங் அமைப்பு தடைசெய்தது. பக்கத்து ரோட் ஐலண்டில் விதி மாறவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தபோது, மாசசூசெட்ஸில் விற்பனை விலை சராசரியாகச் சுமார் 16,000 டாலர் குறைந்திருந்தது. ஏற்கெனவே அதிக நாள் கிடந்த வீடுகளில் அந்த அடி இன்னும் பலமாக இருந்தது. "இத்தனை பேர் பார்த்தும் வாங்கவில்லையே, ஏதோ இருக்கிறது" என்று அடுத்தவர் நினைப்பதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். விற்பவருக்கு நட்டம் என்று படிக்கலாம். நான் படிப்பது வேறு. அந்தத் தொகை அதுவரை யார் பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது? தெரியாமல் வாங்கியவர் பையிலிருந்து. விற்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஒப்புக்கொள்கிறேன். விலையைச் சரியாக வைத்துக் காப்பாற்றிக்கொள்ளட்டும், கொல்லைப்புறம் அக்கா மாதிரி காரணத்தைச் சொல்லிக் காப்பாற்றிக்கொள்ளட்டும்.

நடைமுறையில் உதவுகிற சில விஷயங்கள். வீடு தேடுகிற தளங்களில், ஜில்லோவில் விலை வரலாறு, ரெட்ஃபினில் விற்பனை வரலாறு என்று கீழே ஒரு பகுதி இருக்கும், முன்பு போட்டது, எடுத்தது, விலை குறைத்தது பெரும்பாலும் தேதியோடு இருக்கும். எல்லா வீட்டுக்கும் முழுதாக இருக்காது என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். புகைப்படங்களில் மரத்தைப் பாருங்கள். ஜூலையில் வந்த "புது" லிஸ்டிங்கில் பின்வாசல் படம் மட்டும் இலையில்லாத மரத்தோடு இருந்தால் அது எப்போது எடுத்தது என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் பெரிய வேலை ஏதாவது நடந்திருந்தால் நகராட்சி அல்லது கவுண்டியில் பெர்மிட் இருக்க வாய்ப்புண்டு, அது பொதுப் பதிவு. புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகளில் மட்டும் இந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை. கட்டுபவர்கள் பல சமயம் இருபது வீட்டுக்கு ஒரே ஒரு லிஸ்டிங் போட்டிருப்பார்கள்.

---

மேல்மாடிக்காரன் எழுதியது:

வெளியிடுகிற சராசரியில் விற்காத வீடு சேராது என்பதை நான் யோசித்ததில்லை. அது நியாயமான பேச்சு. ஆனாலும் சிடிஓஎம் எண்ணை எல்லோருக்கும் காட்டினால், கூடவே காரணம் எழுத ஓர் இடமும் கட்டாயம் வேண்டும். கடன் கிடைக்காமல் திரும்பிய வீட்டையும் கூரை ஒழுகுகிற வீட்டையும் ஒரே எண்ணால் அடிக்கக் கூடாது.

---

சாவிக்கொத்து எழுதியது:

முழுதாக ஒப்புக்கொள்கிறேன். நான் இப்போதே ஏஜெண்ட் குறிப்புப் பகுதியில் அப்படித்தான் எழுதுகிறேன்: எந்தத் தேதியில் எடுத்தோம், ஏன் எடுத்தோம், எப்போது திரும்பினோம். மூன்று வரிக்கு மேல் ஆவதில்லை.

---

நோட்டுப்புத்தகம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சாவிக்கொத்து அண்ணன் சொன்னபடி முழு வரலாற்றையும் எழுத்தில் கேட்டேன். எங்கள் ஏஜெண்ட் முதலில் தயங்கினார், அப்புறம் அனுப்பினார். வந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஜனவரி 25 லிஸ்டிங். மார்ச்சில் ஒரு முறை விலைக் குறைப்பு. மார்ச் 20 பெண்டிங். மார்ச் 31 திரும்பச் சந்தைக்கு. ஏப்ரல் 13 கேன்சல். ஜூன் 4 புது எண்ணில் லிஸ்டிங். நடுவில் 52 நாள். எங்கள் பகுதியில் சிடிஓஎம் பூஜ்யமாக 60 நாள் வேண்டும். அதனால் எம்எல்எஸ்ஸுக்குள் சரியான எண் இருந்துகொண்டேதான் இருந்தது: 71. பெண்டிங்கில் இருந்த 11 நாளை அவர்கள் எண்ணுவதில்லை. நான் நோட்டில் தேதியை வைத்து எண்ணினால், முதல் பலகை நட்டதிலிருந்து நான் அங்கே நின்ற ஞாயிறு வரை 134 நாள். ஒரே வீட்டுக்கு மூன்று எண். எனக்குக் காட்டியது அதில் மிகச் சின்னது.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த மார்ச் மாத 11 நாள்தான். இன்ஸ்பெக்ஷன் முடிந்து ஒருவர் விலகுவதற்குச் சரியான காலம் அது. விற்பவரின் ஏஜெண்டுக்கு எங்கள் ஏஜெண்ட் வழியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். கோபமாக எழுதவில்லை. மார்ச்சில் ஒப்பந்தம் ஏன் முறிந்தது, அந்த இன்ஸ்பெக்ஷன் அறிக்கை இருக்கிறதா, தெற்குச் சுவரில் என்ன வேலை நடந்தது, மூன்றே கேள்வி. கடைசியில் "பிப்ரவரி 8 அன்று நாங்கள் இந்த வீட்டைப் பார்த்திருக்கிறோம்" என்று ஒரு வரி.

இரண்டு நாளில் பதில் வந்தது. முதலில் வந்தவரின் இன்ஸ்பெக்டர் தெற்குச் சுவரில் ஈரம் இருப்பதை எழுதியிருக்கிறார், அதனால் அவர் விலகிவிட்டார். விற்பவர்கள் வீட்டைச் சந்தையிலிருந்து எடுத்து, ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை அந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டி வடிகால் குழாய் போட்டு, சேர்கிற தண்ணீரை வெளியே தள்ள சம்ப் பம்ப் வைத்து, கூரைத் தண்ணீர் சுவரைவிட்டுத் தள்ளி விழும்படி மாற்றியிருக்கிறார்கள். பெர்மிட் எண், வேலை செய்தவரின் ரசீது, மற்றவர்களுக்கு மாற்றித் தரக்கூடிய உத்தரவாதம், தோண்டிய குழியின் படங்கள் எல்லாம் அனுப்பினார்கள். வீட்டின் குறைகளை விற்பவர் எழுதித் தருகிற டிஸ்க்ளோஷர் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அங்கே "பேஸ்மென்ட் ஈரம், சரிசெய்யப்பட்டது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. நாங்கள்தான் அதைக் கவனிக்காமல் புரட்டியிருக்கிறோம்.

அந்தப் படங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவு பள்ளம், அதில் சரளைக்கல், துளையிட்ட குழாய், அஸ்திவாரச் சுவரில் கறுப்பாக ஒரு பூச்சு. அரைகுறை வேலை இல்லை. கொல்லைப்புறம் அக்கா சொன்ன மாதிரி, சொல்லக்கூடிய காரணம் இருந்திருக்கிறது, நல்ல காரணமாகவே இருந்திருக்கிறது. "ஜனவரியில் வந்தது, ஈரம் தெரிந்தது, எடுத்துச் சரிசெய்தோம், ரசீது இதோ" என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தால் அன்றைக்கே நான் ஆஃபர் எழுதியிருப்பேன். அந்த 4-ஐக் காப்பாற்றுவதற்காக, செலவழித்துச் செய்த இவ்வளவு பெரிய வேலையை அவர்களே ஒளித்துவைத்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் குடும்பத்துக்கு யாரோ கொடுத்த ஆலோசனை அது.

செவ்வாய் மாலை கெடு முடிந்து நாளாகிவிட்டது, வீடு இன்னும் விற்பனையில்தான் இருந்தது. நேற்று ஆஃபர் கொடுத்தோம். இன்ஸ்பெக்ஷனில் குறை வந்தால் விலகலாம் என்கிற நிபந்தனையை விட்டுக்கொடுக்கவில்லை. விலையை அடித்துக் கேட்கவும் இல்லை, செய்த வேலையைக் கணக்கில் வைத்து நியாயமாகப் பட்டதை எழுதினோம். இன்று காலை ஒப்புக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். ஈரம் அளக்கும் கருவி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், முதலில் தெற்குச் சுவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். என்ன வந்தது என்று இங்கே வந்து எழுதுகிறேன்.